தூங்கி எழத் தெரியாத சிப்

என் வேலை சந்தேகப்படுவது. ஒரு குழு சிப்பை வடிவமைக்கும். அதை ஆலைக்கு அனுப்பும் முன் கணினியிலேயே ஓட்டிப் பார்த்து, எங்கே சறுக்கும் என்று தேடுவது எங்கள் குழு. வங்காளத்தில், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கட்டடத்தில் எங்கள் கம்பெனி மூன்று மாடிகளை வைத்திருந்தது. தலைமையகம் கடல் தாண்டி இருந்தது. நான் சேர்ந்த காலத்தில் கம்பெனி பெயரைச் சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், என் அப்பா இன்சூரன்ஸ் ஆபீஸில் என்ன பதவியில் இருந்து ஓய்வு பெற்றார் என்பதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. என் கம்பெனியின் பெயரைத்தான் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தப் பெயர் எங்கே வந்து நின்றது என்பது எனக்கு இங்கேயுள்ள சாந்தினி சவுக் கடைத்தெருவில் தெரிந்தது. மகளுக்கு லேப்டாப் வாங்கப் போயிருந்தோம். நான் கை வைத்த பெட்டியைக் கடைக்காரர் மெதுவாக என் கையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். இங்கே கடைக்காரர்களுக்கு நாங்கள் எல்லோரும் பௌதி, அண்ணி.

“பௌதி, இது வேண்டாம். உள்ள இருக்கற சிப் சரியில்லை, சூடாகுது. பக்கத்துல இருக்கறதை எடுங்க. இப்ப எல்லாரும் அந்தக் கம்பெனி சிப்தான் கேக்கறாங்க.”

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்ததையே எடுத்துக்கொண்டேன். காளிகாட் திரும்பும் மெட்ரோவில் அவள் கேட்டாள்.

“நீ ஏன்மா அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல?”

“அவர் சொன்னது தப்பில்லையே” என்றேன். சூடாகிறது என்று நாங்களே பல மாதங்களாக மேலே சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆபீஸில் சரிவு ஒரு நாளில் தெரியவில்லை. முதலில் வராந்தாவில் இருந்த செடித் தொட்டிகள் போயின. கேன்டீனில் மீன் வாரத்தில் சில நாட்கள் என்று ஆனது. வங்காளிகள் அதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். பிறகு தலைவர்கள் மாறத் தொடங்கினார்கள். எங்கள் பிரிவுக்கு வந்த ஒருவர் டெலிபோன் கம்பெனியிலிருந்து வந்தவர். வீடியோவில் எங்களிடம் பேசியபோது, ஐந்து பேர் சந்தேகப்படும் இடத்தில் இரண்டு பேர் சந்தேகப்பட்டால் போதாதா என்று கேட்டுச் சிரித்தார். அது வேடிக்கை என்று நினைத்தோம். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் குழு ஏறக்குறையப் பாதியானது. அவர் போனதும் வந்தவர் யாரையும் நீக்கவில்லை, ஆனால் யார் யாருக்குக் கீழே என்பதை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு காலையில் கணினியைத் திறந்தால் என் மேலாளரின் பெயர் வேறாக இருக்கும். அந்தப் புதிய மேலாளருக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் மிகுந்த மகிழ்ச்சியுடன் அறிவித்தார்கள்.

இதையெல்லாம் எங்கள் குழுத் தலைவி பொருட்படுத்தியதாகவே தெரியாது. ஹவுராக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர், தாயோடு இருந்தார். குழுவில் எல்லோருக்கும் தீதி, அக்கா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பிரச்சினையைப் பேசும்போது எழுந்து போய் வெள்ளைப் பலகையில் படம் போடுவார். பேசி முடித்த பிறகும் அழிக்க விடமாட்டார். “நாளைக்கு வேற மாதிரி தெரியும், இருக்கட்டும்” என்பார். எங்கள் பேச்சு வங்காளத்திலும் ஆங்கிலத்திலும்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரு சிப்பைப் பற்றி. அதுதான் கம்பெனியை நிமிர்த்தப் போகிறது என்று சொன்னார்கள். அதன் சிறப்பு, மின்சாரத்தை மிகக் குறைவாகச் செலவழிப்பது. அதற்காக அது அடிக்கடி தூங்கும். வேலை இல்லாத பகுதிகள் ஒவ்வொன்றாக அணைந்து, கூப்பிட்டால் ஒரு கணத்தில் விழித்துக்கொள்ளும். பகுதிகள் விழிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில்தான் ஒரு கோளாறு இருந்தது. மிக அரிதாக, ஒரு பகுதி தனக்கு முன்னால் விழிக்க வேண்டியதைக் காத்திருக்காமல் எழுந்துவிடும். எழுந்து, எதிர்ப்பக்கம் யாரும் இல்லாமல் அப்படியே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சிப் தூக்கத்திலிருந்து எழவில்லை என்று இருக்கும்.

அதை முதலில் பார்த்தது நான். பார்த்தபோது என் சோதனையில்தான் தவறு என்று நினைத்தேன், ஏனென்றால் மறுபடி ஓட்டினால் வரவில்லை. தீதியிடம் காட்டினேன். பகல் சாப்பாட்டை மறந்து பலகையில் படம் போட்டுப் பார்த்துவிட்டு, “இது நிஜம்” என்றார். அதன் பிறகு அதைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். ஆயிரக்கணக்கில் ஓட்டினால் எப்போதாவது வரும், ஆனால் வரும். திருத்துவதற்கு வடிவமைப்புக் குழுவுக்குச் சில வாரங்கள் வேண்டியிருந்தன. அந்த வாரங்கள் இல்லை. சிப் எப்போது வெளிவரும் என்று பெரிய தலைவர் ஏற்கெனவே ஒரு மேடையில் சொல்லிவிட்டிருந்தார்.

ஆலைக்கு அனுப்பும் முன் ஒரு கூட்டம் நடக்கும். ஒவ்வொரு குழுவின் தலைவரையும் வரிசையாகக் கேட்பார்கள்: போகலாமா, வேண்டாமா. பெரும்பாலும் சடங்குதான். அன்று மாலை வீடியோவில் பல நாட்டு முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்தன. நான் தீதியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக “போகலாம்” என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். தீதியின் முறை வந்தது.

“வேண்டாம்” என்றார்.

உபதலைவர் ஒருவர், அந்தக் கோளாறு எத்தனை முறைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டார். தீதி சொன்னார். அது மிக அபூர்வம் அல்லவா என்றார் அவர். “சோதனையில் அபூர்வம். வாங்குபவர் கையில் சிப் நாள் முழுவதும் தூங்கித் தூங்கி எழும்” என்றார் தீதி. உபதலைவர் தலையசைத்தார். குறித்துக்கொண்டேன், நன்றி என்றார். அடுத்த குழுவைக் கேட்டார்கள். கடைசியில் போகலாம் என்று முடிவானது. கூட்டம் முடிந்ததும் கைதட்டும் சின்னச் சின்னப் படங்கள் திரையில் மேலே மிதந்து போயின. தீதி திரையை அணைத்துவிட்டு, மழைக்கு முன்னால் கிளம்பலாமா என்று என்னைக் கேட்டார்.

சிப் ஆலையிலிருந்து திரும்பி வந்த முதல் வாரம் எல்லாம் நன்றாக ஓடியது. லேபில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி திறந்து வைத்திருந்தார்கள். பிறகு வாடிக்கையாளர் ஒருவர் தன் கருவியில் அதைப் பொருத்தி இரவு முழுவதும் விட்டுவைத்திருக்கிறார். காலையில் அது எழவில்லை. மற்றொருவரும் அதையே சொன்னார். எங்கள் லேபிலும் சிப் பொருத்திய சர்க்யூட் பலகைகளை வரிசையாக அடுக்கித் தூங்க வைத்து எழுப்பிப் பார்த்தோம். சில எழவில்லை. தீதி அவற்றின் பக்கத்தில் நின்று பார்த்தார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது, “நாம கணக்குப் போட்டதைவிட அதிகமா வருது. வெப்பமும் சேர்ந்திருக்கு போல.”

அதற்குப் பிறகு ஒரு கூட்டம் நடந்தது, கற்றுக்கொள்வதற்கான கூட்டம் என்று பெயர். யாரையும் குறை சொல்ல அல்ல என்று தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். கோளாறு எப்போது தெரிந்தது, யாருக்குச் சொல்லப்பட்டது என்று தீதி விவரமாகச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு அதே உபதலைவர் நிதானமாகப் பேசினார். எச்சரிக்கை வந்தது உண்மைதான், ஆனால் அதன் தீவிரம் தங்களுக்குப் புரியும்படி வந்து சேரவில்லை, சரிபார்ப்புக் குழு இன்னும் அழுத்தமாகச் சொல்லப் பழக வேண்டும் என்றார். எங்களுக்குப் பேச்சுத்திறன் பயிற்சி ஏற்பாடாயிற்று. ஒரு முழு நாள், ஒரு ஹோட்டல் அறையில், குரலை எங்கே உயர்த்துவது எங்கே நிறுத்துவது என்று ஒருவர் கற்றுக்கொடுத்தார். தீதியும் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொடுத்த பயிற்சி, ஒரு குடையை விற்பது. மூன்று வாக்கியத்தில் விற்றார். நன்றாக இருந்தது என்று அந்த ஆசிரியர் பாராட்டினார்.

அந்த வருடம் எங்கள் ஆட்களிடம் இருந்த எரிச்சல் சத்தம் போடும் வகை அல்ல. டீ குடிக்கக் கீழே போனால் யாரும் மேலே வர அவசரப்படவில்லை. தலைவர்களின் வீடியோக்களை ஒலியை அணைத்துவிட்டு ஓட விட்டார்கள், பார்த்ததாகக் கணக்கில் ஏற. நன்றாக வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெங்களூருக்குப் போனார்கள். போகும்போது எல்லோரும் ஒரே மாதிரி, இங்கே நிறையக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினார்கள்.

ஆகஸ்டில் தீதிக்கு ஒரு யோசனை வந்தது. சிப்பைத் திருத்த முடியாது, ஆனால் அதை எழுப்பும் மென்பொருளைத் திருத்தலாம். எழுப்புமுன் ஒரு பகுதியை வேண்டுமென்றே தாமதிக்க வைத்தால் வரிசை குலையாது. தாமதம் அதிகமானால் மின்சாரச் சேமிப்பு போய்விடும், குறைந்தால் பழைய கோளாறு. அந்த இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகலான ஓர் இடம் இருந்தது. எங்கள் ஊர் ஆபீஸுக்குப் பொறுப்பான நிலையத் தலைவரிடம் போய்ச் சொன்னார். அவர் தீதியோடு கல்லூரியில் படித்தவர், நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் கொஞ்சம் தயங்கி, சரி, செய்யுங்கள் என்றார். அந்தத் தயக்கத்தை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரங்கள்தான் நான் அந்த ஆபீஸில் மிகச் சந்தோஷமாக இருந்தவை என்று இப்போது தோன்றுகிறது. எஞ்சியிருந்தவர்கள் சிலர்தான். யாரும் வீடியோவில் எங்களோடு பேசவில்லை, யாரும் மாற்றவில்லை. மழையில் செக்டர் ஃபைவ் சாலை முழங்கால் தண்ணீரில் நின்றபோதும் தீதி ஹவுராவிலிருந்து மெட்ரோ பிடித்து வந்துவிட்டார். துர்கா பூஜை விடுமுறை வந்தது. சஷ்டியன்று நான் வந்தேன். சப்தமிக்கும் அஷ்டமிக்கும் தீதி வந்தார். டெல்லியில் இருக்கும் அவருடைய தம்பி குடும்பத்தோடு வருடத்தில் அந்த நான்கு நாட்கள்தான் ஊருக்கு வருவார். அஷ்டமியன்று அம்மனுக்குப் பூப்போட்டு அஞ்சலி செலுத்தக்கூட வீட்டில் இல்லாமல் அவர் லேபில் இருந்தார். தசமிக்கு முன்னால் அந்தக் குறுகலான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பலகைகள் எல்லாம் தூங்கின, எல்லாம் எழுந்தன. விடுமுறை முடிந்து நாங்கள் வந்தபோதும் அவை தூங்கி எழுந்துகொண்டே இருந்தன.

தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜைக்கு முன்னால் உபதலைவர் நேரில் வந்தார். வாசலில் கோலம்போல ஆல்பனா போட்டிருந்தார்கள். எங்கள் திருத்தத்தைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்வார் என்று நினைத்து நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து, கம்பெனி தன் பலங்களில் கவனம் செலுத்தப்போகிறது என்று தொடங்கினார். அதனால் சில பாதைகளிலிருந்து விலகுகிறது. அந்தச் சிப்பும் அதன் அடுத்த தலைமுறையும் கைவிடப்படுகின்றன. கேள்விகள் உண்டா என்றார்.

தீதி எழுந்தார். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

“இந்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது?”

உபதலைவர் மறைக்கவில்லை. ஜூலையில் என்றார்.

“நாங்கள் திருத்த வேலையைத் தொடங்கியது ஆகஸ்டில். அது யாருக்காக?”

எந்த வேலையும் வீணாவதில்லை, உங்கள் உற்சாகத்தைக் குலைக்க வேண்டாம் என்று நினைத்தோம் என்றார் அவர். அவர் முகத்தில் பொய் இல்லை. எங்களுக்கு நல்லது செய்ததாகவே அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். தீதி நன்றி சொல்லி உட்கார்ந்தார். பிறகு பிரியாணி வந்தது. எல்லோரும் வரிசையில் நின்று சாப்பிட்டோம். எனக்குப் பசித்தது. தீதியைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததே தவிர, கோபம் வரவில்லை. கோபம் இரண்டு நாள் கழித்து, வீட்டில் அரிசி களையும்போது வந்தது. ஏன் அப்போது என்று தெரியவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன்.

“அப்ப நீங்க சரி பண்ணினது ஓடுச்சா, இல்லையா?”

“ஓடுச்சு.”

“ஓடினதை வச்சு என்ன பண்ணுவாங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

அவர் தன் துறைமுகத்தில் கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட ஒரு படகுத்துறையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நிலையத் தலைவரின் அறைக்குத் தீதி போனபோது நானும் உடன் போனேன். உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று தீதி கேட்டார். ஆகஸ்டிலேயே தெரியும், சொல்ல அனுமதியில்லை என்றார் அவர். தன் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

“காரணம் சொல்லியிருக்க வேண்டாம்” என்றார் தீதி. “வராதேன்னு மட்டும் சொல்லியிருக்கலாம். பூஜைக்கு வீட்ல இருந்திருப்பேன்.”

தீதி அதோடு வெளியே வந்துவிட்டார். அத்தனை வருடத்தில் அவர் தனக்காக எதையாவது சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

லேப் பெங்களூருக்குப் போனது. கருவிகளை மரப்பெட்டிகளில் வைத்து ஆணி அடித்தார்கள். திருத்திய பலகைகளில் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று தீதி கேட்டதற்கு, கம்பெனிச் சொத்து என்று மறுத்துவிட்டார்கள். எல்லாப் பலகைகளும் நொறுக்கப்படும் இடத்துக்குப் போயின. விரும்பியவர்கள் விலகலாம் என்ற அறிவிப்பு வந்ததும் தீதி விலகினார். நிலையத் தலைவர் அடுத்த வருடம் போட்டிக் கம்பெனிக்குப் போனார். உபதலைவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, பிறகு அவரும் எங்கோ போனார். மூன்று மாடிகளில் இப்போது எங்களுக்கு இருப்பது ஒன்று. மற்ற இரண்டில் ஒரு வங்கியின் அழைப்பு மையம் வந்திருக்கிறது; லிஃப்டில் அந்தப் பிள்ளைகள் சத்தமாகச் சிரிக்கிறார்கள்.

நான் விலகவில்லை. மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள், வேறு வேலை தேடிப் பெங்களூர் போக முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மை, ஆனால் முழுவதும் அதுவல்ல. சந்தேகப்படுகிற வேலை எனக்குப் பிடிக்கும். அதை யார் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். கேட்பதில்லை என்று தெரிந்தே ஒரு மனிதர் எவ்வளவு காலம் அதைச் செய்யலாம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

போன குளிர்காலத்தில் தீதி கூப்பிட்டு, வந்து பார் என்றார். ஹவுராவில், லிஃப்டுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் அவர் சேர்ந்திருந்தார். பக்கத்துப் பட்டறையிலிருந்து இரும்பு அறுக்கும் சத்தம் ஓயாமல் வந்தது. தீதி கொஞ்சம் இளைத்திருந்தார். கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் நகராமல் இருக்கச் செய்யும் பகுதியை எனக்குக் காட்டினார், வெள்ளைப் பலகையில் படமும் போட்டார். எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்றார்.

“இங்க முதலாளி கேப்பாரா, தீதி?”

“எங்க கேக்கறார்” என்றார் தீதி. “அவருக்கும் டெலிவரி தேதிதான். ஆனா அவர் ரூம் எதிர்லயே இருக்கு. கேக்கலைன்னா போய் நின்னு சண்டை போடுவேன். போன மாசம் பெரிய சண்டை.”

“யார் ஜெயிச்சாங்க?”

“பாதி நான், பாதி அவர்.”

அவர் சண்டை போடுவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை என்றேன். இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன், அந்தக் குடைப் பயிற்சி வீண் போகவில்லை என்று சிரித்தார். மண் குவளையில் டீ குடித்தோம். அவருடைய அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிப் பேசினோம். ஆற்றைக் கடக்கும் ஃபெரி வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இங்கே புதிதாக ஒரு தலைவர் வந்திருக்கிறார். போன வாரம் அவர் வீடியோவில், கம்பெனியின் முதல் வேலை இனிமேல் தன் ஊழியர்கள் சொல்வதைக் கேட்பதுதான் என்றார். ஒலியை அணைக்காமல் கேட்டவள் நான் ஒருத்தியாக இருக்கலாம். இப்போது காரின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஒரு சின்னச் சிப்பைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எந்தக் கோளாறும் இல்லை. இன்னும் சில விதமாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.